மீட்டருக்கு மேல் இருபது ரூபாய்

நுழையும்முன்

விலை என்பது அரசாணையில் எழுதப்படும் ஓர் எண் மட்டும் அன்று. அது ஒருவரைப் புறப்படச் செய்கிறது. மற்றொருவரைக் காத்திருக்கச் செய்கிறது. இன்னொருவரை வேறு வழி தேடச் செய்கிறது. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் களமாகக் கொண்டு, போக்குவரத்துக் கட்டணங்கள் மக்களின் நடத்தையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆராய்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

அட்டையில் ஒரு விலை, சாலையில் ஒரு விலை

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அன்றுமுதல் இருப்புப்பாதையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்தன. பின்னர், நிலையத்திலிருந்து விலகிக் கிழக்கே சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்றும், மேற்கே முடிச்சூர் என்றும் குடியிருப்புகள் விரிந்தன. தொடர்வண்டி ஒருவரை நிலையம் வரையில்தான் கொண்டுவந்து சேர்க்கும். நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள அந்தக் கடைசி நான்கைந்து கிலோமீட்டர்தான் புறநகர் வாழ்வின் அன்றாடச் சிக்கல். அச்சிக்கலுக்கு விடையாக நிலைய வாயிலில் நிற்பவை ஆட்டோக்கள்.

ஆட்டோவுக்குக் கட்டணம் விதிப்பவர் ஓட்டுநர் அல்லர், அரசு. 2007ஆம் ஆண்டில் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாயும், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாயும் என வரையறுக்கப்பட்டது. 2013 ஆகஸ்டில் அது திருத்தப்பட்டு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அடுத்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், இரவு 11 மணிமுதல் காலை 5 மணிவரை பாதிப்பங்கு கூடுதல் என்று ஆயிற்று. இத்தகைய ஆணையைப் பொருளியலார் விலைக் கட்டுப்பாடு என்பர். விற்பவர் இதற்குமேல் பெறக்கூடாது என்று வரம்பு கட்டுவதால் இதற்கு விலை உச்சவரம்பு என்னும் பெயரும் உண்டு.

ஆணை வந்த புதிதில் பல ஆட்டோக்களில் மீட்டர் ஓடியது. நாளடைவில் ஒரு புதுத் தொடர் சென்னை வழக்கில் நிலைபெற்றது: "மீட்டருக்கு மேல இருபது ரூபா போட்டுக் குடுங்க சார்." இன்னும் சில காலம் சென்றபின் மீட்டர் என்னும் சொல்லே பேரத்திலிருந்து மறைந்தது. அட்டையில் இருந்த விலை அட்டையிலேயே இருந்தது. சாலையில் வேறொரு விலை வழங்கியது. இதனை ஓட்டுநரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால், 2013இல் மீட்டர் போட்ட அதே மனிதர்தாம் பின்னர் அதைப் போட மறுத்தார். ஆகவே, மாறியது அவருடைய இயல்பா, அவர் போடும் கணக்கா என்று கேட்பதே முறை.

ஓட்டுநரின் கணக்கு

ஒருவரை ஒரு செயலைச் செய்யவோ தவிர்க்கவோ தூண்டும் ஆதாயத்தைப் பொருளியல் 'ஊக்குவிப்பு' என்று குறிக்கிறது. பரிசும் ஊக்குவிப்பே, தண்டத்திற்கு அஞ்சுவதும் ஊக்குவிப்பே. ஓட்டுநரின் ஊக்குவிப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு சவாரியைக் கொண்டு காணலாம்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர்ச் சாலை வழியே 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குடியிருப்புக்குச் சவாரி கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டின் கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், எஞ்சிய 3.2 கிலோமீட்டருக்கு 38 ரூபாய் 40 காசு. மொத்தம் 63 ரூபாய் 40 காசு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ரூபாய் 70 காசு கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால், அந்தக் குடியிருப்பிலிருந்து நிலையத்திற்குத் திரும்ப வருவோர் அந்நேரத்தில் இல்லை. வண்டி காலியாகத் திரும்புகிறது. ஓடிய தொலைவு 10 கிலோமீட்டர். கிடைத்த தொகை அதே 63 ரூபாய் 40 காசு. இப்போது கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 34 காசுதான். நகரின் நடுவே, தியாகராயநகரில் பயணியை இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த பயணி ஏறக்கூடும். ஆனால், கட்டண அட்டைக்குத் தியாகராயநகரும் முடிச்சூரும் ஒன்றே. அவ்வட்டை பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது; நகருக்கும் புறநகருக்கும் உள்ள வேறுபாட்டை உணரவில்லை.

இதனோடு செலவையும் சேர்க்க வேண்டும். ஓட்டுநர்கள் பலருக்கு வண்டி சொந்தமில்லை. நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றனர். சொந்தமாக வைத்திருப்போரில் பலர் மாதத் தவணை கட்டுகின்றனர். சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அத்தொகையைக் கட்டியாக வேண்டும். எரிபொருளோ, 2013 ஆகஸ்டில் சென்னையில் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்த பெட்ரோல், 2022 மே மாதத்திற்குப்பின் 100 ரூபாய்க்கு மேலேயே விற்றது. பெட்ரோல் விலையை நாள்தோறும் திருத்தும் முறை 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஒரு தொழிலின் செலவு நாள்தோறும் திருத்தப்படலாம். அதன் வருவாய் பத்தாண்டு கடந்தும் திருத்தப்படாது என்றால், அத்தொழில் ஆணைக்கு உட்பட்டே நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஓட்டுநருக்கு மூன்று வழிகள் இருந்தன. மீட்டர்ப்படி ஓட்டி இழப்பை ஏற்பது, இழப்புத் தரும் சவாரிகளை மறுப்பது, பேரம் பேசுவது. முதல் வழியை ஒரு மாதத்திற்குமேல் எவராலும் தாங்க இயலாது. இரண்டாவது வழியில் பயணிக்கு வண்டியே இல்லை. மூன்றாவது வழியில் வண்டி உண்டு, விலைக்கு வரம்பில்லை. சட்டத்தின் கண்ணில் பேரமும் குற்றம், மறுப்பும் குற்றம். நள்ளிரவில் கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கோ 'வர மாட்டேன்' என்னும் சொல்லே கொடிதாகப் படும்.

நெகிழ்ச்சி என்னும் அளவுகோல்

பேரம் என்று வந்தபின், யாரிடம் எவ்வளவு கேட்பது என்பதை எது முடிவு செய்கிறது? ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல், 1890இல் வெளிவந்த தம் 'பொருளியல் கோட்பாடுகள்' என்னும் நூலில் ஒரு கருத்தை நிலைநிறுத்தினார். விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கும் அக்கருத்தே தேவை நெகிழ்ச்சி. விலை 10 விழுக்காடு ஏறும்போது வாங்கும் அளவு 20 விழுக்காடு குறைந்தால் அத்தேவை நெகிழ்ச்சி மிக்கது. 2 விழுக்காடு மட்டுமே குறைந்தால் நெகிழ்ச்சி குறைந்தது. உப்பின் விலை ஏறினால் குழம்பில் உப்பைக் குறைப்பவர் இலர். மல்லிகைப்பூவின் விலை ஏறினால் இரண்டு முழம் வாங்குபவர் ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்வார்.

நெகிழ்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது மாற்று வழி. காலை 9 மணிக்குத் தாம்பரத்தில் இறங்கும் பயணிக்கு மாநகரப் பேருந்து உண்டு. ஷேர் ஆட்டோ உண்டு. பையின் கனம் குறைவெனில் நடையும் உண்டு. ஓட்டுநர் கூடுதலாகக் கேட்டால் அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதே பயணி நள்ளிரவில் கடைசி வண்டியில் வந்து இரண்டு பெட்டிகளோடு இறங்கினால், அவரால் நகர இயலாது. தொலைவு அதுவே, சாலை அதுவே, ஓட்டுநரும் அவரே. மாறியது பயணியின் கையிலிருந்த மாற்று வழி மட்டுமே.

2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகள் இங்கு மாறின. தாம்பரத்தாருக்கு ஊர்ப் பயணம் அருகில் வந்தது. வடசென்னையாருக்குத் தொலைவிற் சென்றது. விடியற்காலையில் அங்கு இறங்குவோர் கூட்டத்தின் தேவை பெரும்பாலும் நெகிழ்ச்சி குறைந்தது. எனினும், மாநகரப் பேருந்து ஒன்று விளக்கெரிய எதிரே நின்றுகொண்டிருந்தால், ஆட்டோவில் கேட்கப்படும் தொகை தானாகவே இறங்கும்.

இங்கு வியப்பான ஒன்றைக் காணலாம். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவில் மீட்டர் கிடையாது. ஆயினும், ஓர் இருக்கைக்கு எவ்வளவு என்பதை அவ்வழியே நாள்தோறும் செல்லும் அனைவரும் அறிவர். பேரமின்றிச் சில்லறையை நீட்டுவர். ஓட்டுநர் ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டால் பின்னால் வரும் வண்டிக்கோ பேருந்துக்கோ பயணிகள் மாறிவிடுவர். மீட்டரும் ஆணையும் உள்ள ஆட்டோவில் விலை அலைகிறது. மீட்டரே இல்லாத ஷேர் ஆட்டோவில் விலை நிலைத்து நிற்கிறது. போட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று இதைக்கொண்டு கருதிவிடலாகாது. மூவர் அமரும் இடத்தில் நால்வரை நெருக்கி அமர்த்துவதும், நிறுத்தமில்லாத இடத்தில் திடீரென நிறுத்துவதும் அதே போட்டியின் விளைவுகளே. விலையை அடக்கும் போட்டி பாதுகாப்பைத் தருவதில்லை. அதற்குச் சட்டமே வேண்டும்.

ஒரே உயர்வு, இரு ஊர்கள்

2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஒரே இரவில் உயர்ந்தது. சென்னை மாநகரப் பேருந்தின் குறைந்த அளவுக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாயிற்று. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். சில நாள்களில் அரசு உயர்வை ஓரளவு குறைத்தது.

அவ்வுயர்வு தென்சென்னைப் புறநகர் முழுவதையும் ஒரே அளவில் தாக்கவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் போன்ற ஊர்களில் இருந்தோர் பேருந்தை விட்டுத் தொடர்வண்டிக்கு மாற இயன்றது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்குத் தொடர்வண்டிக் கட்டணம் 10 ரூபாய் மட்டுமே. ஒன்றின் விலை ஏறும்போது மற்றொன்றின் தேவை கூடினால் அவ்விரண்டையும் பதிலீட்டுப் பண்டங்கள் என்பர். இருப்புப்பாதையோரத்து மக்களுக்குப் பேருந்தும் தொடர்வண்டியும் அத்தகையவை.

மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ இருந்தவர்களுக்கு அவ்வாய்ப்பில்லை. அவ்வூர்கள் வழியே தொடர்வண்டி செல்வதில்லை. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோரில் பலர் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து இடம்பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்களின் வீடு மாறிற்று, வேலை மாறவில்லை. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் அவர்கள் பழைய இடங்களுக்கே செல்ல வேண்டியிருந்தது. கட்டணம் ஏறிய நாளிலும் அவர்கள் பேருந்தில்தான் ஏறினர். வருவாய்க் கணக்கை மட்டும் பார்க்கும் அலுவலர் அதனைக் கண்டு, கட்டண உயர்வால் பயணிகள் குறையவில்லை, ஆகவே அவர்களால் தாங்க இயல்கிறது என்று எழுதிவிடக்கூடும். அது பிழையான வாசிப்பு. நெகிழ்ச்சியின்மை செல்வத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். வழியின்மையின் அடையாளமாகவும் இருக்கலாம். எண் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. பேருந்துக்குக் கூடுதலாகத் தந்த இரண்டு ரூபாய், வீட்டில் எந்தச் செலவிலிருந்து பிடிக்கப்பட்டது என்பதை அறிந்தால்தான் அது விளங்கும். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் மேடவாக்கம் வழியாக அமைக்கப்படுவது, அவ்வகையில் ஒரு பயண வசதி மட்டும் அன்று. அப்பகுதி மக்களின் தேவை நெகிழ்ச்சியையே மாற்றப்போகும் ஒன்று.

பத்து ரூபாய்க்கு 30 கிலோமீட்டர் என்பதும் செலவில்லாமல் நடப்பதன்று. அதன் பெரும்பகுதியைச் சரக்குக் கட்டணமும் பொதுநிதியும் தாங்குகின்றன.

விலையில்லாப் பயணத்தின் விலை

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. இதுவே பின்னர் விடியல் பயணத் திட்டம் எனப் பெயர் பெற்றது. இத்திட்டத்தால் பயனாளி ஒருவர் மாதத்திற்குச் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. சேமித்த தொகையின் அளவைவிட, அது எவ்வாறு மிஞ்சியது என்பதே பொருளியலுக்கு இன்றியமையாதது. முன்பு நேரத்தை மிச்சப்படுத்த ஷேர் ஆட்டோவில் ஏறியவர், இப்போது பேருந்துக்காகக் காத்திருக்கலானார். முன்பு பயணச் செலவை எண்ணி அருகிலேயே குறைந்த கூலிக்கு வேலை செய்தவருக்குத் தொலைவிலுள்ள வேலையும் எட்டும் தொலைவாயிற்று.

எனினும், கட்டணம் சுழியமானபின் விலை வேறொரு நாணயத்தில் செலுத்தப்படுகிறது. அந்நாணயம் நேரம். கட்டணமில்லாப் பேருந்து அரைமணிக்கு ஒருமுறை வரும் சாலையில், அரைமணி நேரமே அதன் விலை. கூலிவேலைக்குச் செல்பவர் அரைமணி பிந்தினால் அரைநாள் கூலியை இழக்க நேரும். அவர் மீண்டும் ஷேர் ஆட்டோவுக்கே செல்வார். ஆதலின், இத்தகைய திட்டத்தின் பயனை அளக்கக் கட்டணத்தோடு பேருந்துகளின் எண்ணிக்கையையும் வரவு இடைவெளியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெரியுமா?

கி.பி. 301இல் உரோமப் பேரரசர் டயோக்ளீசியன், ஆயிரத்திற்கும் மேற்பட்ட பண்டங்களுக்கும் பணிகளுக்கும் உச்சவிலை விதித்து ஆணை பிறப்பித்தார். மீறினால் மரண தண்டனை. பண்டங்கள் சந்தைக்கு வராமல் மறைந்தன என்று அக்காலத்து எழுத்தாளர் லாக்டான்சியசு எழுதியுள்ளார். அவர் அப்பேரரசருக்குப் பகைவர் என்பதையும் கருத்திற் கொண்டே அக்கூற்றைப் படிக்க வேண்டும். கௌடலியரின் அர்த்தசாத்திரம் வேறொரு முறையைக் கூறுகிறது. உள்நாட்டுப் பண்டமாயின் கொள்விலைக்குமேல் நூற்றுக்கு 5, வெளிநாட்டுப் பண்டமாயின் நூற்றுக்கு 10 என வணிகரின் ஆதாயத்திற்கு அது வரம்பு கட்டுகிறது. முன்னது விலையைக் கட்டியது. பின்னது ஆதாயத்தைக் கட்டியது. கொள்விலை ஏறினால் விற்பனை விலையும் ஏறுவதற்குப் பின்னதில் இடமுண்டு.

மழைநாளின் கேள்வி

செயலிவழி வாடகை வண்டிகள் வந்தபின் பேரம் கைப்பேசிக்குள் புகுந்தது. தேவை கூடும் நேரத்தில் கட்டணம் தானே ஏறும்; குறையும் நேரத்தில் இறங்கும். இவ்வேற்றத்திற்கு ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு என வரம்பிட்டன. 2025 ஜூலையில் அது இரு மடங்காகத் தளர்த்தப்பட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியதைப் போன்ற ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். அன்று வண்டி தேவைப்படுவோர் பலர். நீரில் இறங்க முன்வரும் ஓட்டுநர்கள் சிலர். கட்டணம் ஏறினால், வீட்டில் இருக்கும் ஓட்டுநர் ஒருவர் புறப்படத் துணியலாம், அது ஊக்குவிப்பு. ஆனால், இருக்கும் வண்டி யாருக்குக் கிடைக்கும்? மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவரைவிட, பணம் மிக்கவருக்கு அது முதலில் கிடைத்துவிடலாம். கட்டணத்தை இறுக்கிக் கட்டினால், பணமில்லாதவரும் கேட்கலாம், வண்டிதான் வராது. பழுதாகும் எந்திரத்தின் செலவை எண்ணி ஓட்டுநர் செயலியை அணைத்துவிடுவார். அத்தகைய நாளில் விலையால் மட்டும் தீர்வு காண இயலாது. அரசின் மீட்பு ஊர்திகளும் படகுகளும் வேண்டும். சந்தைக்கு வெளியே உள்ள ஏற்பாடுகளே அன்றைக்கு மாற்று வழி.

திருத்தமும் கண்காணிப்பும்

2025 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தப்போவதாக ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் தாமாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அரசு அதனை ஏற்கவில்லை. தன்னிச்சையாக உயர்த்தினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று தெரிவித்தது. முடிச்சூர்ச் சாலையின் 5 கிலோமீட்டருக்கு அக்கணக்குப்படி 107 ரூபாய் 60 காசு. காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 76 காசு. பயணிக்கு அது கடுமையான உயர்வே. ஆயினும், அது முன்கூட்டியே அறிந்த ஓர் எண். நள்ளிரவில் கேட்கப்படும் 200 ரூபாயினின்றும் வேறானது.

பெங்களூரில் ஆட்டோக் கட்டணம் 2021 டிசம்பரில் முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய் எனவும், 2025 ஆகஸ்டில் 36 ரூபாய் எனவும் திருத்தப்பட்டது. அங்கும் பேரம் ஒழிந்துவிடவில்லை. திருத்தம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. நேர்மையான கட்டணத்தை மீறுவோரைப் பிடிக்கும் கண்காணிப்பு அதனுடன் சேர வேண்டும். கண்காணிப்பு மட்டும் இருந்து திருத்தம் இல்லையெனில், இழப்பில் ஓட்டுபவரே தண்டமும் கட்டுவார். அவர் அத்தண்டத்தையும் அடுத்த பயணியின் விலையிலேயே ஏற்றுவார். எரிபொருள் விலையையும் நுகர்வோர் விலைக் குறியீட்டையும் கணக்கிட்டு ஆண்டுக்கொருமுறை கட்டணத்தைத் திருத்துவது, 5 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்ட புறநகர்ச் சவாரிக்குத் திரும்பும் கட்டணத்தில் ஒரு பகுதியை அட்டையிலேயே சேர்ப்பது, நிலைய வாயிலில் முன்பணம் செலுத்தும் ஆட்டோ மையம் அமைப்பது ஆகியவை எண்ணிப் பார்க்கத் தக்கவை. இவற்றுள் இரண்டாவது வழிக்குப் பயணிகளிடமிருந்தே எதிர்ப்பு எழலாம். காலியாகத் திரும்பும் வண்டிக்கு நாம் ஏன் பணம் தர வேண்டும் என்று அவர்கள் கேட்பர். பெயர் சொல்லாமல் அதனை அவர்கள் இன்றும் தந்துகொண்டுதான் இருக்கின்றனர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் வீடுவரை செல்ல எத்தனை வழிகள் உள்ளன? காலை 9 மணிக்கும் இரவு 11 மணிக்கும் அவ்வழிகளின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் அட்டவணைப்படுத்துக.

2. ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடமும் நாள்தோறும் பயணம் செய்யும் ஒருவரிடமும் உரையாடி, நியாயமான கட்டணம் எது என்பது குறித்த அவர்களின் கருத்துகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'மழை வெள்ள நாளில் வாடகை வண்டிக் கட்டணத்திற்கு வரம்பு வேண்டும்', 'வரம்பு கூடாது' என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.